நெடுஞ்சாலைத் திட்டங்களில் நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் உரிய இடம்: கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வட சிலாங்கூர்த் தோட்டங்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் குடியேற்றம், கூலி, தமிழ்க்கல்வி, தோட்டத் துண்டாடல் ஆகிய பொருள்களைச் சுற்றியே அமைந்துள்ளன. அத்தோட்ட மக்கள் லயத்திலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் எவ்வழியே சென்றனர், அவ்வழி யாருக்கு உரியது, அதன் குறுக்கே பெருஞ்சாலை ஒன்று வரும்பொழுது அவ்வழிக்கு என்ன நேர்கின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. இவை பொறியியலாளர் கவலைப்பட வேண்டியவை என்று நாம் ஒதுக்கி விடுகின்றோம். ஆனால், ஒரு தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறைவதற்கான காரணங்களை ஆராயும் ஆசிரியர், அப்பள்ளியின் வாயிலுக்கு முன்னுள்ள சாலையின் அகலத்தையும் ஒரு காரணமாகக் கருத வேண்டிய நிலை இருக்கின்றது. சாலைக் கட்டுமானத் திட்டங்களில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் செய்து தரப்பட வேண்டிய வசதிகள் யாவை, அவற்றுக்குச் சட்ட வலிமை எந்த அளவு உள்ளது என்பதை இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

சடக்கும் சாலையும்

மலேசியத் தோட்டத் தமிழில் சாலையைக் குறிக்க 'சடக்கு' என்னும் சொல் வழங்கி வந்துள்ளது. வடஇந்திய மொழிகளின் 'சடக்' என்பதிலிருந்து வந்த இச்சொல் மண்சடக்கு, கம்பிச்சடக்கு என விரிந்து, செம்மண் வழியையும் இரயில் பாதையையும் சுட்டியது. தோட்டத்துள் இருந்தது சடக்கு. தோட்டத்திற்கு வெளியே இருந்தது ரோடு. பேச்சு வழக்கில் நிலவிய இவ்வேறுபாடு சட்டத்திலும் உள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வட்டாரத் தோட்டங்களுள் வரலாற்றுச் சிறப்பு மிக்கது பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியிலுள்ள தென்னமரம் தோட்டமாகும். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் இங்குதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்ற 'மலேசி' என்னும் நாவலை எழுதியவரும் அவரே. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டத்தில் நாட்டின் செம்பனைத் தொழில் தோன்றியது என்பது நம் மாணவருக்குச் சொல்லத்தக்க செய்தி. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. முதியோர் நாவில் இன்னும் பழைய பெயரே வழங்குகின்றது.

பழைய தோட்டம் நடந்து வாழ்வதற்கென்றே அமைந்தது. பெரட்டுக் களம், லயம், ஆலை, கோயில், கடை யாவும் கால்நடைத் தொலைவில் இருந்தன. பால்மரம் வெட்டுவோர் காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்தே களம் சேர்ந்தனர். பள்ளியும் அவ்வாறே. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகளின் தரம் எத்தகையது என்பது வேறு வினா. பள்ளி பிள்ளையின் நடைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதே இங்கு வேண்டப்படுவது.

தோட்டங்கள் இணைக்கப்பட்டும் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், பள்ளி ஓரிடம், குடியிருப்பு ஓரிடம், கோயில் மற்றோரிடம் என்றாயிற்று. பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் மட்டும் 'தோட்டம்' எஞ்சியுள்ளது. அவற்றுக்கு இடையே இன்று ஓடுவது சடக்கு அன்று, நெடுஞ்சாலை.

சாலைகளின் தன்மை

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என வடக்கே செல்வது கூட்டரசு 5ஆம் எண் சாலை. அசாம் ஜாவாவில் அதனின்றும் பிரிந்து ஈஜோக் வழியாகச் சுங்கை பூலோ நோக்கிச் செல்வது 54ஆம் எண் சாலை. இவற்றோடு 2011இல் கோலாலம்பூர் - கோல சிலாங்கூர் விரைவுச்சாலை ஈஜோக் வரை திறக்கப்பட்டது. பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை ஏறத்தாழ 233 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்ட மேற்குக் கரை விரைவுச்சாலையும் இம்மாவட்டத்தின் ஊடே செல்கின்றது.

விரைவுச்சாலையில் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் இடமில்லை. அது வேலியிட்ட சாலை. அங்கு எழும் சிக்கல் அதனைக் கடப்பது பற்றியதே. கூட்டரசுச் சாலையோ அனைவருக்கும் பொதுவானது. கனரக லாரியும் செம்பனைக் குலை ஏற்றிய வண்டியும் பள்ளிப் பிள்ளையின் மிதிவண்டியும் ஒரே தாரில் செல்கின்றன. ஆகவே இங்குச் சிக்கல் இரண்டு: சாலை நெடுகச் செல்வது, சாலையைக் குறுக்கே கடப்பது.

இக்கடலோரப் பகுதி தாழ்நிலம் என்பதை மறத்தலாகாது. சாலை மண்மேட்டின் மேல் செல்ல, பக்கத்தில் வடிகாலோ பாசன வாய்க்காலோ தொடர்ந்து வருகின்றது. மேட்டு நிலத்துச் சாலையில் நடப்பவர் வண்டி வரக்கண்டால் புல்லில் ஒதுங்கலாம். இங்கு ஒதுங்குவதற்குப் பல இடங்களில் தண்ணீர்தான் உண்டு. இத்தகைய சாலையில் நடப்போரின் ஒரே இடம் தாரிட்ட ஓரப்பகுதியே. இரு தடச் சாலையை நான்கு தடமாக்கும்பொழுது, நிலம் போதாத இடங்களில் முதலில் பலியாவதும் அவ்வோரப்பகுதிதான். சிறு பாலங்களில் நிலைமை இன்னும் மோசம். சாலை விரிந்திருக்கும், பாலம் பழைய அகலத்திலேயே நிற்கும்; மிதிவண்டிக்காரர் அந்த இருபது முப்பது மீட்டருக்கு லாரியின் தடத்திற்குள் ஏறியாக வேண்டும்.

கடத்தலின் கணக்கு

இக்கணக்கை வகுப்பறையிலேயே போட்டுப் பார்க்கலாம். இரு தடச் சாலையின் தார்ப்பகுதி 7 மீட்டர், இருபுற ஓரங்களும் 3 மீட்டர் வீதம் 6 மீட்டர், ஆக 13 மீட்டர் எனக் கொள்வோம். சிறு பிள்ளை நொடிக்கு 1 மீட்டர் நடக்குமாயின் கடந்து முடிக்க 13 நொடி வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடும். எனவே பிள்ளை காலடி எடுத்து வைக்கும்பொழுது வண்டி 325 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் தடையின்றிக் கடக்க இயலும். அதே சாலை நடுத்திட்டு இல்லாமல் நான்கு தடமானால் அகலம் 20 மீட்டர், நேரம் 20 நொடி, வேண்டிய இடைவெளி 500 மீட்டர். அவ்வளவு தொலைவிலுள்ள வண்டி நகர்கின்றதா நிற்கின்றதா என்பதைப் பெரியவர்களே சரிவர மதிப்பிட மாட்டார்கள்.

ஓட்டுநர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தை உணர்ந்து செயற்பட 2.5 நொடி ஆகும் எனப் பொறியியலாளர் கொள்வது வழக்கம். அதற்குள் 60 மீட்டருக்கு மேல் கடந்து விடும். ஈரச் சாலையில் நிற்க மேலும் 90 மீட்டர் அளவில் வேண்டும். மொத்தம் 150 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்படும் பெரியவர் இறப்பதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் 80 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 60 விழுக்காடு என்றும் உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது.

நடுவில் நின்று செல்லத் திட்டு ஒன்று அமைந்தால் நான்கு தடச் சாலையும் இரண்டு சிறு சாலைகளாகி விடுகின்றது. ஒரு பாதியைக் கடக்க 10 நொடியே போதும். ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்தால் போதும். ஆனால் அத்திட்டு மிதிவண்டியுடன் நிற்பவரையும் கொள்ள வேண்டும். மிதிவண்டியின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர், ஆகவே 2 மீட்டருக்குக் குறைந்த திட்டில் சக்கரம் தாரில் நீட்டிக் கொண்டிருக்கும். திட்டுக்குப் பதிலாக இடைவெளியற்ற கான்கிரீட் தடுப்பு எழுப்பப்படும் இடங்களில் மக்கள் அதன்மேல் ஏறிக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தடுப்பு வாகனங்கள் நேருக்கு நேர் மோதுவதைத் தடுக்கின்றது என்பது உண்மை. பேருந்து நிறுத்தம் இரு புறமும் இருக்கும் இடத்தில், போகும்பொழுதோ வரும்பொழுதோ ஒரு முறையேனும் அச்சாலையைக் கடந்தே ஆக வேண்டும் என்பதும் உண்மையே.

விதிகள் கூறுவன

நம் நாட்டுப் பொதுப்பணித் துறை சாலை வடிவமைப்புக்கெனத் தொழில்நுட்பக் கட்டளைகளை வெளியிட்டு வந்துள்ளது. 8/86 எண்ணுள்ளது சாலையின் வடிவக் கூறுகளைப் பற்றியது. 10/86 மிதிவண்டித் தடங்களின் வடிவமைப்புக்கு உரியது. 18/97 நடப்போர் வசதிகளுக்கான அடிப்படை வழிகாட்டி. கட்டுமானக் காலத் தற்காலிகக் குறியீடுகளை 2சி/85 கூறும். 1986ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிக்குத் தனி நூல் இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். வழிகாட்டி இல்லாமையால் அன்று, அது வழிகாட்டியாக மட்டுமே இருப்பதால் குறை எழுகின்றது. மிதிவண்டித் தடம் அமைத்தால் எவ்வாறு அமைக்க வேண்டும் என்று கூறுவது ஒன்று. இத்தகைய சாலையில் அமைத்தே ஆக வேண்டும் என்று கூறுவது மற்றொன்று.

எங்கே கடவை வேண்டும் என்பதைத் தீர்மானிக்கப் பிரிட்டனில் தோன்றி, அதன் பொறியியல் மரபைப் பின்பற்றிய நாடுகளில் பரவிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் கடப்போர் தொகையை, அதே நேரத்தில் செல்லும் வாகனத் தொகையின் இருமடியால் பெருக்க வேண்டும். நடுத்திட்டு இல்லாத சாலையில் அப்பெருக்கம் பத்துக் கோடியை எட்டினால் கடவைக்குத் தகுதி உண்டு. நாளின் மிகுந்த நெரிசலுடைய நான்கு மணி நேரத்தின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். மணிக்கு 1000 வாகனம் செல்லும் சாலையில், அந்நான்கு மணி நேரத்திலும் மணிக்கு 100 பேர் வீதம் கடந்தால்தான் இத்தகுதி கிட்டும்.

இதனைத் தோட்டப்புறப் பள்ளிக்குப் பொருத்திப் பார்ப்போம். காலையில் ஒரு மணி நேரத்தில் 40 பிள்ளைகள் கடக்கின்றனர். பிற்பகலில் அதே 40 பேர் திரும்புகின்றனர். ஏனைய நேரங்களில் யாருமில்லை எனலாம். நான்கு மணிச் சராசரி 20. பெருக்கம் இரண்டு கோடி. வேண்டியதில் ஐந்தில் ஒன்று. பிள்ளைகள் கடக்கின்றனர் என்பதில் ஐயமில்லை, ஆயினும் கணக்கின்படி கடவை தேவையில்லை. சாலை அச்சுறுத்துவதால் பெற்றோர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவிடும் பிள்ளைகளும், அதே காரணத்தால் வேறு பள்ளிக்கு அனுப்பப்படும் பிள்ளைகளும் இக்கணக்கில் இடம்பெறவே மாட்டார்கள். நகரத்துக் கடைத்தெருவை மனத்தில் கொண்டு உருவான அளவுகோல் இது. தோட்டப்புறத்தை அதனால் அளப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

பாதையின் உரிமை

சடக்குக்கும் ரோட்டுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு இப்பொழுது வருவோம். தோட்டத்துள் செல்லும் வழி நிறுவனத்தின் நிலம். லயத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் மூன்று தலைமுறை நடந்திருந்தாலும் அது பொதுவழி ஆகிவிடாது. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையுடன் நடந்த பாதை பொதுவழியாக அர்ப்பணிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நில உரிமையாளர் அவ்வாறு அர்ப்பணிக்கும் எண்ணம் தமக்கில்லை என நிறுவினாலன்றி அது நிலைக்கும். நம் தேசிய நிலச் சட்டமோ, நீண்ட காலப் பயன்பாட்டினால் மட்டும் வழியுரிமை போன்ற உரிமை எதுவும் பிறப்பதில்லை என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. நில உரிமைகளைப் பதிவேட்டின் மூலம் ஐயமற நிலைநாட்டுவது அச்சட்டத்தின் நோக்கம், அந்நோக்கம் தவறன்று. பதிவேட்டில் பெயரில்லாதவர் நடந்த தடம் அதனால் அழிந்து போகின்றது.

நிலம் கையகப்படுத்தப்படும் காலத்திலும் இதே நிலைதான். 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம் இழப்பீட்டில் 'அக்கறையுடையோர்' யார் என வரையறுக்கும்பொழுது, உரிமையாளர் விருப்பப்படி குடியிருக்கும் வாடகையாளரை விலக்குகின்றது. நிறுவன வீட்டில் வேலையின் பொருட்டுக் குடியிருக்கும் தொழிலாளரின் நிலை அவரினும் வலிமையற்றது. சாலைக்காகத் தோட்ட நிலம் எடுக்கப்படும்பொழுது அறிவிப்பு நிறுவனத்திற்குப் போகும், இழப்பீடும் அதற்கே. நிறுவனம் தன் டிராக்டரும் லாரியும் மறுபுறம் செல்ல அடிவழி ஒன்று கேட்டுப் பெறலாம். அவ்வழியே பிள்ளைகளும் நடந்து செல்லலாம். ஆனால் அது லயத்திற்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள நேர்வழியில் அமையும் என்பதற்கு உறுதி இல்லை. தாழ்நிலத்து அடிவழி மழைக்காலத்தில் குளமாகி விடுவதும் உண்டு.

மேம்பாலப் படிகளைப் பற்றி ஒரு சொல். முழங்கால் வலியுள்ள மூதாட்டியும், மிதிவண்டியைத் தோளில் தூக்க முடியாத பிள்ளையும் படிகளை ஏறுவதில்லை. பாலம் கட்டப்பட்டுவிட்டது, மக்கள்தாம் பயன்படுத்துவதில்லை என்று பழி அவர்கள்மேல் விழும்.

பிற நாட்டு விதிகள்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 1971இல் இயற்றிய சட்டம் இத்துறையில் முன்னோடி. சாலை புதிதாகக் கட்டப்படினும், திருத்திக் கட்டப்படினும், இடம் மாற்றப்படினும் நடைபாதையும் மிதிவண்டித் தடமும் அமைக்கப்பட வேண்டும். சாலை நிதியில் குறைந்தது ஒரு விழுக்காடு அதற்குச் செலவிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பாதுகாப்புக்குக் கேடு, தேவைக்கு ஒவ்வாத மிகைச்செலவு, மக்கள் செறிவின்மை ஆகிய விலக்குகளும் அதில் உண்டு. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அங்கே கைமாறுகின்றது. 'ஏன் வேண்டும்' என்று ஊரார் வாதிட வேண்டியதில்லை, 'ஏன் வேண்டாம்' என்று துறையினரே காரணம் காட்ட வேண்டும்.

நமக்கு மேலும் பொருத்தமானது அந்நாட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 109ஆம் பிரிவிலுள்ள ஒரு விதி. மோட்டார் இல்லாப் போக்குவரத்தும் இலகு மோட்டார் சைக்கிள்களும் செல்லும் முதன்மையான பாதையைத் துண்டிக்கும், அல்லது அவற்றின் பாதுகாப்பைப் பெரிதும் கெடுக்கும் திட்டத்திற்கு, ஏற்ற மாற்றுவழி இல்லாமல் ஒப்புதல் அளிக்கலாகாது என்று அது கூறுகின்றது. பாதைக்குப் பட்டா உண்டா என்று அது கேட்கவில்லை. பாதை இருந்ததா என்றே கேட்கின்றது. தோட்டப்புறத்திற்கு வேண்டியது இத்தகைய விதியே.

இந்தியாவில், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியது. தீர்ப்பு நடைபாதை ஆக ஆண்டுகள் பல ஆகலாம். எனினும் நடப்பது உரிமையைச் சார்ந்தது என்னும் கருத்து நீதிமன்ற மொழியில் பதிவாகிவிட்டது.

மலேசியாவுக்கு இத்துறையில் பெருமை கொள்ளவும் இடமுண்டு. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகில் இவ்வகையில் முதன்மையானது எனப்படுகின்றது. 1990களில் அது நீட்டிக்கப்பட்டபின் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்ததாக ராடின் உமார் குழுவினரின் ஆய்வு கண்டது. தோட்டத்து இளைஞர் இன்று மிதிவண்டியை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். மிதிவண்டி பிள்ளைகளிடமும் முதியோரிடமும், அவர்களின் லயங்களில் இன்று குடியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரிடமுமே மிகுதியும் உள்ளது. ஆகவே இங்குத் தனித்தடம் என்றால், அகன்ற தாரிட்ட ஓரமாயினும், மூவருக்கும் உரியதாகவே எண்ணப்பட வேண்டும்.

எப்பொழுது, யாரிடம் கூறுவது

பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பெரும்பாலும் தார் போட்டு முடிந்த பின்னரே மனு எழுதுகின்றன. அப்பொழுது கிடைப்பது ஒரு மஞ்சள் பலகையும் வேகத்தடைக் கோடுகளும்தாம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். குறித்த காலத்திற்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். புதிய சாலைகளின் வழித்தடம் அவ்வரைபடத்தில்தான் முதலில் கோடாகத் தோன்றுகின்றது. அதன்பின் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை. பொதுப்பணித் துறை 1990களின் பிற்பகுதியிலிருந்து வகுத்துள்ள முறையில் அது ஐந்து கட்டங்களாக நடைபெறும்: திட்டமிடல், முன்வடிவமைப்பு, விரிவான வடிவமைப்பு, கட்டுமானமும் திறப்புக்கு முன்னும், பயன்பாட்டுக் காலம். முதல் இரு கட்டங்களில் அடிவழியை நூறு மீட்டர் நகர்த்துவது ஒரு கோட்டை அழித்து வரைவதே. நான்காம் கட்டத்தில் அதே மாற்றம் ஒப்பந்தத்தைத் திருத்துவதாகும்.

தணிக்கையாளர் களத்திற்கு வரும் நேரம் பெரும்பாலும் அலுவலக நேரம். பிள்ளைகள் வகுப்பில் இருப்பர். எனவே காலை 6.45 முதல் 7.30 வரையிலும் பள்ளி முடிந்த அரை மணியிலும் எத்தனை பேர், எவ்வழியே, நடந்தோ மிதிவண்டியிலோ வருகின்றனர் என்பதை ஒரு வார காலம் எண்ணிக் குறித்த தாள் ஒன்று பள்ளியில் இருத்தல் வேண்டும். அதனுடன் மாணவர் வரும் ஒற்றையடிப் பாதைகளைக் குறித்த வரைபடமும் வேண்டும். நில அலுவலகப் பதிவேட்டில் அப்பாதைகள் இல்லை. பொறியியலாளரின் அளவீட்டு வரைபடத்தில் செம்பனை நிரைகள் மட்டும் இருக்கும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் இதனை ஒரு வார உள்ளூராய்வுப் பயிற்சியாகவே செய்து முடிப்பர். எந்த வாய்க்காலின்மேல் பலகை கிடக்கின்றது, எந்த முனையில் லாரி வருவது தெரியாது என்பதை அவர்கள் எவரையும் கேட்க வேண்டியதில்லை.